‘சேகரிக்கப்பட்டது’: ஒரு வாக்கியத்தைப் பற்றி

கடல்வாழ் சயனோபாக்டீரியாக்களிலிருந்து மருந்துச் சேர்மங்களைத் தேடும் ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு வாக்கியம் ஏறக்குறைய தவறாமல் வரும். மாதிரி இன்ன கடற்கரையிலிருந்து, அல்லது இன்ன உப்பளத்திலிருந்து, ‘சேகரிக்கப்பட்டது’. ஊர்ப்பெயர் சில சமயம் இருக்கும், சில சமயம் மாவட்டத்தோடு நின்றுவிடும். அடுத்த வாக்கியத்தில் நாம் ஆய்வகத்துக்குள் இருப்போம். குடுவை, ஒளி, வெப்பநிலை, கரைப்பான். உப்பளம் திரும்ப வராது.

இக்கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியது. நான் விஞ்ஞானி இல்லை. கதையும் நாவலும் வாசிக்கிறவன். ஆனால் ஆய்வுக் கட்டுரையும் ஒரு பிரதிதானே. அதற்கும் கதைசொல்லி உண்டு, நாயகன் உண்டு, முக்கியமாக யாரைச் சொல்லாமல் விடுவது என்ற தேர்வு உண்டு. செயப்பாட்டு வினையில் எழுவாயை மறைப்பது நம் இலக்கண வாத்தியாருக்கே தெரிந்த வித்தை. ‘சேகரிக்கப்பட்டது’ என்றால் யார் சேகரித்தார்கள், யாருடைய பாத்தியில், யார் அந்தத் தண்ணீரைத் திறந்துவிட்டது என்று கேட்கத் தோன்றாது. அறிவியலில் இந்த நடை புறவயத்தன்மைக்காக வந்தது என்பார்கள். இருக்கட்டும். புறவயம் எங்கே முடிகிறது, மறதி எங்கே தொடங்குகிறது என்பதுதான் என் கேள்வி.

முதலில் இந்த உயிர் எது என்று சொல்லிவிடுகிறேன். நீலப்பச்சைப் பாசி என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதுதான். பாசி என்பது பழக்கதோஷம்; உண்மையில் இது பாக்டீரியா. சூரிய ஒளியில் உணவு சமைத்து ஆக்சிஜனை வெளியே விடுகிற பாக்டீரியா. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியது இதன் கைங்கரியத்தில்தான். ஓட முடியாது, ஒளிந்துகொள்ளவும் முடியாது. மேய வருகிற மீனையும் நத்தையையும் சமாளிக்க இதனிடம் இருப்பது வேதியியல் மட்டும். அதனால் விதவிதமான நச்சுகளைச் செய்து வைத்துக்கொள்கிறது. அந்த நச்சுகளில்தான் நமக்கு மருந்து கிடைக்கிறது.

இந்தத் துறையின் மிகப் புகழ்பெற்ற கதையைப் பார்ப்போம். 1972-ல் மொரீஷியஸ் கடலில் கடல்முயல் என்கிற, வெளியே ஓடில்லாத பெரிய நத்தையைப் பிடித்தார்கள். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பெட்டிட் என்ற வேதியியலாளர் அதன் சாறு புற்றுநோய்ச் செல்களைக் கொல்வதைக் கண்டார். எந்தச் சேர்மம் கொல்கிறது என்று பிரித்தெடுக்கப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. டன் கணக்கில் நத்தை, மில்லிகிராம் கணக்கில் பொருள். 1987-ல் அதன் அமைப்பு வெளியானது. டோலாஸ்டாடின் 10 என்று பெயர். நத்தையின் பேரினப் பெயர் டோலாபெல்லா. அதிலிருந்து எடுத்த பெயர். செல் பிரியும்போது அதற்குள் சாரம் கட்டுவதுபோல் எழும் டியூபுலின் குழாய்களை இது எழவிடாமல் செய்கிறது. பிரிய முடியாத செல் செத்துப்போகிறது.

இங்கேதான் எனக்குப் பிடித்த திருப்பம். 2001-ல் மேற்குப் பசிபிக்கின் பலாவ் தீவில் எடுத்த சிம்ப்ளோகா என்ற சயனோபாக்டீரியாவில் ரிச்சர்ட் மூர், ஹென்ட்ரிக் லூயிஷ் ஆகியோர் அடங்கிய குழுவினர் அதே டோலாஸ்டாடின் 10-ஐக் கண்டார்கள். அப்படியென்றால் நத்தை இதைச் செய்யவே இல்லை! பாசியைத் தின்றது, அதன் நச்சைத் தன் உடலில் சேர்த்து வைத்துக்கொண்டது, அவ்வளவுதான். பதினான்கு ஆண்டுகளாக ஒரு பிரதியின் ஆசிரியர் என்று நாம் கொண்டாடியது அதன் வாசகரை. பெயர் மட்டும் மாறவில்லை. இன்றும் அது டோலாஸ்டாடின்தான். சிம்ப்ளோகாவுக்கு அந்தப் பெயரில் ஒரு எழுத்துகூட இல்லை.

அந்தச் சேர்மம் அப்படியே மருந்தாகவும் இல்லை. மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது எதிர்பார்த்த பலன் இல்லை. நச்சுத்தன்மை மட்டும் அதிகமாக இருந்தது. பிறகு அதை ஒட்டி வேதியியலாளர்கள் செயற்கையாகச் செய்த ஒரு உறவுக்காரச் சேர்மத்தை, புற்றுநோய்ச் செல்லைத் தேடிப்போய் ஒட்டும் எதிர்ப்புரதம் ஒன்றோடு கட்டி அனுப்பினார்கள். பிரென்டுக்சிமாப் வெடோடின் என்ற அந்த மருந்துக்கு 2011-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்குப் பயன்படுகிறது. நத்தையைப் பிடித்த நாளிலிருந்து கணக்குப் போட்டால் 39 ஆண்டுகள்.

‘கடல் ஒரு மருந்துப் பொக்கிஷம்’ என்று நம் நாளிதழ்களின் அறிவியல் பக்கம் எழுதும்போதெல்லாம் எனக்கு இந்த 39 ஆண்டுகள்தான் ஞாபகத்துக்கு வரும். பொக்கிஷம் என்றால் பெட்டி ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது, திறக்க வேண்டியதுதான் பாக்கி என்று அர்த்தம். நடந்தது அப்படியா? நடந்தது நீளமான, சலிப்பான, பல கைகள் மாறிய வேலை. பொக்கிஷ உவமை அந்த வேலையை அழித்துவிட்டு, கண்டவனை மட்டும் மிச்சம் வைக்கிறது. அதோடு பெட்டி யாருடைய நிலத்தில் புதைந்திருந்தது என்ற கேள்வியையும் சேர்த்தே அழிக்கிறது.

பெயர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் சேர்மத்துக்கு ஊர்ப்பெயர் வைப்பது ஒரு மரபு. கரீபியக் கடலின் குராசாவோ தீவில் கிடைத்தது குராசின் (1994). குவாமின் அப்ரா துறைமுகத்தில் கிடைத்தது அப்ராடாக்சின் (2001). ஃபுளோரிடாவின் கீ லார்கோவில் கிடைத்தது லார்கசோல், பனாமாவின் கொய்பா தேசியப் பூங்காவில் கிடைத்தது கொய்பாமைடு, இரண்டும் 2008. ஊருக்கு மரியாதை செய்வது போலத்தான் இருக்கிறது. நானும் முதலில் மயங்கினேன். யோசித்துப் பார்த்தால், கப்பலில் வந்து இறங்கியவர்கள் தீவுக்குப் பெயர் வைத்த அதே பழக்கம் தலைகீழாக நடக்கிறது. இப்போது தீவின் பெயரை எடுத்துக்கொண்டு போகிறார்கள். உயிரிகளின் பெயர்களோ மனிதர்களுக்கு. நீண்ட காலம் லிங்பியா என்று அழைக்கப்பட்டது டென்மார்க்கின் பாதிரியாரும் தாவரவியலாளருமான லிங்பியே நினைவாக. அதில் ஒரு பகுதியை 2012-ல் பிரித்து, ரிச்சர்ட் மூர் நினைவாக மூரியா என்றார்கள். அந்தப் பெயர் ஏற்கெனவே ஒரு தாவரத்துக்கு இருந்ததால் 2019-ல் மூரினா என்று திருத்தினார்கள்.

நம்மூரில் வேறு மாதிரி. திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் கடல்வாழ் சயனோபாக்டீரியாக்களுக்கான தேசிய மையம் ஒன்று இருக்கிறது. பேராசிரியர் ஜி. சுப்பிரமணியன் முன்கையெடுத்து, மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஆதரவோடு உருவானது. அவரும் என். தாஜுதீனும் தமிழ்நாட்டுக் கிழக்குக் கடற்கரையின் சயனோபாக்டீரியாக்களைக் கணக்கெடுத்து 1992-ல் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையில் இங்கே ஒரு அடிக்கல். அதற்கும் முன்னால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி. வி. தேசிகாச்சாரி 1959-ல் எழுதிய ‘சயனோஃபைட்டா’ என்ற பெருநூல், இன்றும் உலகம் முழுவதும் இனம் காண எடுத்துப் புரட்டப்படுவது. ஆக, சும்மா சொல்லக்கூடாது, இந்தப் பாசியை வாசிப்பதில் தமிழ்நாட்டுக்கு நல்ல பாரம்பரியம் உண்டு. நம் தீவிர இலக்கியச் சூழலில் தேசிகாச்சாரியின் பெயரை எத்தனை பேர் கேட்டிருப்போம் என்பது வேறு விஷயம்.

திருச்சி மையத்தின் வித்துகளுக்கு ஊர்ப்பெயர் கிடையாது, எண்தான். ஆசிலட்டோரியா போரியானா பிடியு 92181 என்று ஒன்று. பிடியு என்பது பல்கலைக்கழகத்தின் ஆங்கில முதலெழுத்துகள். சாராய ஆலைக் கழிவுநீரின் அடர்பழுப்பு நிறத்துக்குக் காரணமான மெலனாய்டினைச் சிதைத்து நிறம் நீக்குகிறது என்று இதைப் பற்றி 2001-ல் கட்டுரை வந்தது. புற்றுநோய் இல்லை, நோபல் இல்லை. ஒரு ஆலையின் சாக்கடை மட்டும். எனக்கென்னவோ லார்கசோலைவிட இந்தக் கதை நெருக்கமாக இருக்கிறது. ஆனால் இதை யாரும் கதையாகச் சொல்ல மாட்டார்கள். எண்ணை வைத்து எப்படிக் கதை சொல்வது? ஊர்ப்பெயர் கொள்ளை என்றால், எண் மறதி. இரண்டில் எது மேல் என்று தீர்ப்புச் சொல்லும் அவசரம் எனக்கு இல்லை.

சரி, அந்த வாக்கியத்தில் வரும் உப்பளத்துக்குப் போவோம்.

கூனிமேடு விழுப்புரம் மாவட்டத்துக் கடலோர ஊர். கூனி என்றால் பொடி இறால். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அங்கிருந்து வடக்கே மரக்காணத்தை நோக்கிப் போனால் சாலையோரம் உப்பு அம்பாரங்கள் தெரியத் தொடங்கும். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம் பகுதிதான் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. ஒரு பக்கம் வங்கக் கடல், இன்னொரு பக்கம் கழுவெளி, நடுவில் பக்கிங்காம் கால்வாய். கழுவெளிக்கு 2021-ல் பறவைகள் சரணாலயம் என்ற தகுதியும், 2024 ஆகஸ்டில் ராம்சர் தகுதியும் கிடைத்தன. பறவைக்குச் சட்டத்தில் ஒரு இடம் வந்துவிட்டது. நல்லது.

உப்பளத்தை வெள்ளையாக மட்டும் பார்த்துப் பழகியிருக்கிறோம். புகைப்படக்காரர்களின் பங்கு இதில் கணிசம். நடந்து பார்த்தால் அது நிறங்களின் வரிசை. உவர்நீர் முதலில் பெரிய பாத்திகளில் நிற்கும். அங்கே உப்பின் அடர்த்தி கடல்நீரைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். போமே டிகிரியில் சொன்னால் மூன்று, நான்கில் தொடங்கும். வெயில் ஏற ஏற நீரை அடுத்தடுத்த பாத்திக்குத் திருப்புவார்கள். 13 டிகிரி வாக்கில் ஜிப்சம் படியத் தொடங்கும். 25-ஐத் தொட்டால் உப்பு பூக்கும். அந்தக் கடைசிப் பாத்திகளில் நீர் இளஞ்சிவப்பாக இருப்பது உப்பை விரும்பும் நுண்ணுயிர்களாலும் டுனாலியெல்லா என்ற பாசியாலும். சயனோபாக்டீரியாவின் இடம் முன்வரிசைப் பாத்திகளின் தரை. அங்கே அது தோல்போல, பாய்போலப் படர்ந்திருக்கும். மேலே பச்சை, கீறிப் பார்த்தால் அடியில் ஊதா, அதற்கும் அடியில் அழுகிய முட்டை வாடையோடு கறுப்பு. மூன்றும் வெவ்வேறு உயிர்க்கூட்டங்கள், ஒன்றின் கழிவை இன்னொன்று தின்று வாழ்பவை. மதிய வெயிலில் ஆக்சிஜன் குமிழிகள் சேர்ந்து பாயைப் பிய்த்து மேலே மிதக்கவிடும்.

இந்தப் பாய்க்கும் உப்புக்கும் உள்ள உறவு உப்பளங்களின் உயிரியலைப் படித்தவர்களுக்குத் தெரிந்ததுதான். பாய் தரையை மூடிக்கொண்டால் நீர் மண்ணுக்குள் கசிவது குறையும். அது முன்பாத்திகளின் சத்தை எடுத்துக்கொண்டால் கடைசிப் பாத்திக்குத் தெளிந்த நீர் போகும், உப்பு திடமாக வரும். பாய் நிலைகுலைந்தால், அதிலும் அபனோதீசி போன்ற இனங்கள் பெருகிக் கோழையைக் கொட்டினால், நீர் பிசுபிசுக்கும், உப்பு பொடியாகி வலுவில்லாமல் போகும். இதை நான் படித்துத் தெரிந்துகொண்டேன். பாத்தி வரப்பில் நின்றிருந்த ஒரு அக்கா படிக்காமலே தெரிந்து வைத்திருந்தார்.

“பாத்து கால வை தம்பி, வழுக்கும்” என்றுதான் பேச்சு ஆரம்பித்தது. பாசியைப் பற்றிக் கேட்டதும் சிரித்தார். “தண்ணி கொழகொழன்னு ஆச்சுன்னா உப்பு சரியா வுழாது. அத எடுத்துட்டு வேற தண்ணி வுடணும்.” எப்போது கொழகொழப்பாகும் என்று கேட்டேன். மழை பெய்து நின்ற பிறகு, தண்ணீரைத் திருப்பாமல் ஒரே பாத்தியில் ரொம்ப நாள் விட்ட பிறகு என்றார். நான் பாசியிலிருந்து புற்றுநோய் மருந்து எடுக்கிற கதையைச் சொன்னேன். அவர் உடனே கேட்டது: “இத தின்னா அந்த நோவு போவுமா? எங்க தெருவுல ஒருத்திக்கு இருக்குது.”

இல்லைக்கா, தின்னவே கூடாது என்று பதறிப்போய்ச் சொன்னேன். சேர்மம் வேறு, பாசி வேறு என்று விளக்க முயன்றேன். ஒரு அறிவியல் தலைப்புச் செய்தி உப்பளத்து வரப்பில் என்னவாக மாறும் என்பதை அந்தக் கேள்வி காட்டியது. தட்டில் வளர்த்த செல்லைக் கொல்வதற்கும் மருந்துக்கும் நடுவில் இருக்கும் அந்த 39 வருடத் தூரத்தைச் சொல்லாத எழுத்து அவருடைய தெருவுக்குப் போய்ச்சேரும்போது சாதாரணமான தவறாக இருக்காது. இதே உயிர்க்குடும்பத்தில் புற்றுநோய்க் கட்டியைத் தூண்டிவிடுகிற சேர்மங்களும் இருக்கின்றன. லிங்பியாடாக்சின் அதில் ஒன்று.

லிங்பியாடாக்சினின் கதை இங்கே பொருத்தம். 1958-ல் ஹவாயின் ஓவாஹு தீவில் கடலில் குளித்தவர்களுக்குத் தோல் எரிந்து கொப்புளம் போட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். மருத்துவர்கள் அதைக் கேட்டு எழுதி வைத்தார்கள்; காரணம் லிங்பியா என்று தெரிந்தது; அந்த நச்சுகளைத் தேடித்தான் மூரின் ஆய்வகம் இந்தப் பக்கம் ஆழமாக இறங்கியது. 1979-ல் லிங்பியாடாக்சினின் அமைப்பு வெளிவந்தது. துறையின் தொடக்கத்திலேயே ஒரு புகார் இருக்கிறது. விடுமுறைக்குக் கடலில் குளித்தவர்களின் புகார்.

வரப்பில் அந்த அக்கா காலைக் காட்டினார். வெடிப்பு, உப்பு தின்ற புண். “அரிக்கும், எரியும், அப்புறம் மரத்துப்பூடும்.” இது உப்புநீரின் வேலை என்பதில் எனக்கு ஐயமில்லை, பாசிமேல் பழி போடவில்லை. நான் சொல்வது வேறு. ஹவாயில் எரிந்த தோல் தரவாக ஏற்கப்பட்டது. இங்கே எரியும் தோல் விதி என்றோ, மிஞ்சிப்போனால் இரக்கத்துக்குரியது என்றோ ஆகிறது.

இரக்கம் என்றதும் நம் இலக்கியத்துக்கு வந்தாக வேண்டும். உப்பளம் என்றால் தமிழ் வாசகருக்கு ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’. தூத்துக்குடிக்குப் போய், தொழிலாளர்களோடு பேசிப் பழகி எழுதிய நாவல். உப்பின் வெண்மைக்குப் பின்னால் இருக்கும் உடல்களை நமக்குக் காட்டியது அதுதான். அதன் இடத்தை நான் குறைக்கவில்லை. குறை அதன் பிறகு வந்த நம்மிடம். உப்பு என்றால் வியர்வை, உப்பு என்றால் கண்ணீர் என்று ஒரு சமன்பாட்டை எடுத்துக்கொண்டு, எத்தனை கவிதையில் எத்தனை முறை திருப்பிப் போட்டிருக்கிறோம். உப்பளத் தொழிலாளி அதில் துன்பப்படுகிறவர் மட்டும். அவர் ஒன்றைத் தெரிந்து வைத்திருக்கலாம், ஒரு நீரை விரலால் தொட்டு அதன் நாளைய நிலையைச் சொல்லக்கூடும் என்பது அந்தச் சமன்பாட்டில் வராது. ஆய்வுக் கட்டுரை அவரை எழுவாயிலிருந்து நீக்குகிறது. நம் கவிதை அவரைச் செயப்படுபொருளாக மட்டும் வைத்துக்கொள்கிறது. எங்கோ இரண்டும் கைகுலுக்கிக்கொள்கின்றன.

இதில் சட்டத்தின் பங்கும் உண்டு. 2002-ன் உயிரியல் பன்மைச் சட்டம், உயிரி வளத்தை வணிகமாக்கினால் பலனைப் பகிர வேண்டும் என்கிறது. பலன் பகிர்வு என்றதும் எல்லோரும் சொல்லும் உதாரணம் அகத்திய மலையின் காணிப் பழங்குடியினர். 1987-ல் வந்த ஆய்வாளர்களுக்குக் களைப்பு நீக்கும் காயைக் காட்டினார்கள். அதிலிருந்து திருவனந்தபுரத்தின் தாவர ஆய்வு நிறுவனம் ‘ஜீவனி’யை உருவாக்கி, வந்ததில் பங்கு கொடுத்தது. குறைகள் உண்டு, ஆனாலும் அது ஒரு முன்மாதிரி. அந்தக் கதை இயங்குவது ‘இந்தக் காயைத் தின்னு, களைப்புப் போகும்’ என்று சொன்ன ஒரு வாய் இருந்ததால். உப்பளத்துப் பாசிக்கு அப்படி ஒரு மருத்துவ மரபு இல்லை. அந்த அக்காவுக்கு அது வழுக்குகிற தொல்லை. தொல்லையைப் பற்றிய அறிவு மரபறிவு ஆகுமா? சட்டம் இந்தக் கேள்விக்குத் தயாராக இல்லை என்றே நினைக்கிறேன்.

அதோடு, இப்போது பாசியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டிய அவசியமும் குறைந்து வருகிறது. மரபணு வரிசையை வாசித்து, எந்தக் கூட்டம் எந்தச் சேர்மத்தைச் செய்யும் என்று கணினியில் கணிக்கிறார்கள். மண் இங்கே, எழுத்து எங்கோ ஒரு சர்வரில். அத்தகைய வரிசைகளால் லாபம் பார்ப்பவர்கள் பங்களிக்க 2025 பிப்ரவரியில் காலி நிதி என்று ஒன்று தொடங்கப்பட்டிருக்கிறது. அதில் பணம் போகட்டும், வரட்டும். வரிசைக்கு முன்னால் வரும் அந்தப் பழைய வாக்கியம் அப்போதும் ‘சேகரிக்கப்பட்டது’ என்றுதான் இருக்கும்.

ஒரு பதில் வரும் என்று தெரியும். ‘பாசி இயற்கை, உப்பு தொழில், இரண்டையும் ஏன் குழப்புகிறாய்?’ குழப்பம் என்னுடையது அல்ல. முன்பாத்தியில் இன்ன அடர்த்தியில் இத்தனை நாள் நீர் நிற்பதற்கு ஒருவர் மடையைத் திறந்தும் அடைத்தும் வைத்திருக்கிறார். அந்த அடர்த்தி இல்லையென்றால் அந்தப் பாய் இல்லை. கொழகொழப்பானதை வாரி எறிந்து, மற்றதை விட்டுவைத்து, வருடா வருடம் மழைக்குப் பின் பாத்தியை மிதித்துத் திருத்தி, அந்த வாழிடத்தைச் செய்து தருவது உழைப்பு. காட்டில் கிடைத்த மாதிரி வேறு, வயலில் கிடைத்த மாதிரி வேறு. உப்பளத்துப் பாசி இரண்டாவது வகை. அதைக் காட்டில் கிடைத்தது போல எழுதுவது நடைப்பிழை மட்டுமல்ல, தகவல் பிழையும்கூட. நீரை எப்போது மாற்றினார்கள் என்று தெரியாமல் அந்தப் பாயில் எந்த இனம் ஏன் மிகுந்தது என்று எப்படிச் சொல்வது?

இடம் இல்லை என்றும் சொல்ல முடியாது. உயிரி மாதிரிகளைப் பதிவு செய்ய உலகம் முழுக்கப் பயன்படும் டார்வின் கோர் என்ற பட்டியலில் பதிந்தவர் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறது. வாழிடத்துக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. வாழிடக் கட்டத்தில் என்ன வேண்டுமானாலும் விவரித்து எழுதலாம். ‘உப்பளம்’ என்று ஒரு சொல்லோடு நிறுத்தலாம். அல்லது: ‘உப்பு உற்பத்தியில் உள்ள அளம், இரண்டாம் பாத்தி, நீர் வரவு பக்கிங்காம் கால்வாயிலிருந்து, ஆறு நாளுக்கு ஒருமுறை தொழிலாளர் நீர் மாற்றுகிறார்கள், கடைசியாகப் பாசி வாரியது மழை நின்ற மறுவாரம், தகவல் தந்தவர் அளத்தில் வேலை செய்பவர்.’ மாதிரிக்கு எழுதிப் பார்த்தேன், இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.